எத்தனை கிலோ, எத்தனை கம்பெனி

எங்கள் கடைக்கு விமான டிக்கெட் எடுக்க வருகிறவர்கள் விலையை இரண்டாவதாகத்தான் கேட்பார்கள். முதல் கேள்வி, லக்கேஜ் "எத்தனை கிலோ?" கீழக்கரையிலிருந்து வரும் ஒரு லாத்தா (எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), மகன் துபாயில் இருக்கிறார், வருடத்துக்கு ஒருமுறையாவது அவருக்கோ மருமகளுக்கோ டிக்கெட் போட வருவார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, "தம்பி, முப்பது உண்டா, இருபதா? இருபதுன்னா எனக்கு வேணாம்" என்பார். இங்கிருந்து போகும்போது தொதல் என்ற இனிப்பு, கருவாடு, ஊறுகாய், இடித்த மசாலாப் பொடி. அங்கிருந்து வரும்போது கம்பளி, பால் பவுடர், கோடாலித் தைலம், அத்தர். ராமநாதபுரம் கரையில் ஒரு விமானம் நல்ல விமானமா இல்லையா என்பதைத் தராசுதான் சொல்கிறது.

2006இல் இந்த டிக்கெட் வேலைக்கு வந்தேன். அன்றிலிருந்து பார்த்தால் எத்தனையோ கம்பெனிகள் எங்கள் திரையில் வந்தன, பாதி காணாமல் போய்விட்டன. ஏன் சிலது நின்றது, ஏன் சிலது விழுந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் குழப்பிக்கொள்ளும் ஒன்று. பட்ஜெட் ஏர்லைன்ஸ் என்றால் டிக்கெட் விலை குறைவான கம்பெனி என்று நினைக்கிறோம். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது செலவு குறைவான கம்பெனி, அவ்வளவுதான். செலவு குறைந்தால் விலையும் குறையும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. பக்கத்துக் கவுன்டரில் இன்னொருவன் நின்றால்தான் விலை குறையும். எனக்கு இது புரிய பத்து வருடம் ஆனது.

செலவு எப்படிக் குறைகிறது என்பதை எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்ல நான் விசைப்படகைத்தான் எடுப்பேன். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாள் நாட்டுப் படகுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு கரையில் கட்டிக் கிடந்தாலும் கடனுக்கு வட்டி ஓடுகிறது, வலையும் மரமும் பழசாகிக்கொண்டே இருக்கிறது. விமானமும் அதேதான், மாத வாடகை டாலரில். தரையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் வாடகை தின்னும். ஆக, எவன் சீக்கிரம் ஆளை இறக்கி, ஆளை ஏற்றி, மறுபடி பறக்கிறானோ அவனுக்கு அதே விமானத்தில் ஒரு நாளைக்கு ஒரு சுற்று கூடுதலாகக் கிடைக்கும். படகுக்காரருக்கு அந்தக் கூடுதல் நாளைக் கொடுக்க முடியாதபடி சட்டமும் கடலும் நிற்கின்றன. விமானக் கம்பெனி தன் கூடுதல் சுற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியும்.

இதை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியது அமெரிக்காவின் சவுத்வெஸ்ட். 1971 ஜூனில் டெக்சாஸுக்குள் டல்லாஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ என்ற மூன்று ஊர்களுக்கு இடையே ஆரம்பித்தார்கள். அடுத்த வருடமே கையில் பணம் இல்லை, இருந்த நான்கு விமானத்தில் ஒன்றை விற்க வேண்டி வந்தது. ஆனால் பறக்கும் நேர அட்டவணையைக் குறைக்கவில்லை. நான்கு செய்த வேலையை மூன்றை வைத்துச் செய்ய வேண்டும் என்றால் தரையில் பத்து நிமிடம்தான் நிற்கலாம் என்று கணக்கு வந்தது, பத்து நிமிடத்தில் செய்தார்கள். இல்லாமையிலிருந்து வந்த பழக்கம் அது. அப்புறம் உலகத்தில் இருக்கும் எல்லா பட்ஜெட் கம்பெனியும் அதைத்தான் படித்துக்கொண்டது. ஒரே வகை விமானம் வைத்துக்கொள்வதும் அதனால்தான். பைலட் எவரையும் எதிலும் உட்கார வைக்கலாம், உதிரி பாகம் ஒரே வகை போதும், மெக்கானிக் ஒரே பயிற்சி போதும்.

அவர்களின் இன்னொரு கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1973இல் பிரானிஃப் என்ற பழைய பெரிய கம்பெனி, இந்தச் சின்னப் பையனை ஒழித்துவிடலாம் என்று டல்லாஸ்–ஹூஸ்டன் டிக்கெட்டை 13 டாலருக்கு இறக்கியது. சவுத்வெஸ்ட் என்ன செய்தது? 13 டாலர் கொடுத்தும் வரலாம், முழு விலை 26 டாலர் கொடுத்தால் ஒரு மது பாட்டில் இலவசம் என்று அறிவித்தது. கம்பெனிக் காசில் பறக்கும் ஆபீஸர்கள் பெரும்பாலும் 26ஐக் கொடுத்து பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பவன் ஒருவன், பறப்பவன் ஒருவன் என்ற உண்மையை அந்த விளம்பரம் பிடித்துவிட்டது. என் கடையிலும் அப்படித்தான். வேலைக்கு எடுக்கும் கம்பெனி டிக்கெட் போட்டால் விலையைப் பற்றிக் கேள்வியே வராது. சொந்தக் காசில் போகும் கமுதிக்காரர், முதுகுளத்தூர்க்காரர், வளைகுடாவுக்கு ஆடு மேய்க்கப் போகிறவர், ஐந்நூறு ரூபாய்க்கு மூன்று நாள் யோசிப்பார்.

நம் நாட்டுக்கு வருவோம். 1953இல் விமானத் தொழிலை அரசு எடுத்துக்கொண்டது, அந்தச் சட்டம் 1994இல் ரத்தானது. அதற்கு முன்னாலேயே ஏர் டாக்சி என்ற பெயரில் தனியார் நுழைந்துவிட்டார்கள். ஈஸ்ட்-வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட், என்.இ.பி.சி. சில வருடத்தில் எல்லாம் போயின, 1993இல் வந்த ஜெட் ஏர்வேஸ் நிலைத்து நின்றது. நின்றதற்குக் காரணம், அரசு விமானத்தைவிட நல்ல சாப்பாடு, நல்ல உபசரிப்பு, நேரம் தவறாமை. விலையில் யாரும் யாரையும் தொடவில்லை. விமானம் என்பது இன்னும் சாதாரண ஆளுக்கு அண்ணாந்து பார்க்கும் பொருள்தான்.

அதை உடைத்தது கேப்டன் கோபிநாத். 2003 ஆகஸ்டில் ஏர் டெக்கானைத் தொடங்கினார், ஒரு ரூபாய் டிக்கெட் போட்டார். அது எல்லா சீட்டுக்கும் இல்லை, சில சீட்டுக்குத்தான், வரி தனி. ஆனாலும் அந்த ஒரு ரூபாய் ஊர் ஊராகப் பேச்சானது. விமானத்தில் ஏறலாம் என்ற நினைப்பு முதல்முறையாகச் சின்ன ஊர்களுக்கு வந்தது. நான் இன்றும் அவர் மேல் மரியாதை வைத்திருக்கிறேன். கம்பெனி நஷ்டத்தில் போனது உண்மை, ஆனால் ஒரு நாட்டின் பயணப் பழக்கத்தை மாற்றியவர் அவர்.

2005, 2006 இரண்டு வருடமும் திருவிழாதான். ஸ்பைஸ்ஜெட், கோஏர், கிங்ஃபிஷர், இண்டிகோ எல்லாம் அப்போது வந்தவை. நம் மதுரையிலிருந்துகூட ஒரு கம்பெனி கிளம்பியது, பாரமவுண்ட் ஏர்வேஸ், 2005 அக்டோபரில். எம்ப்ரேயர் என்ற சின்ன ஜெட் விமானங்கள், உள்ளே வசதியான பெரிய இருக்கைகள். பெரிய ஆள் சௌகரியத்தைச் சாதாரண விலைக்குச் சற்று மேலே தருவோம் என்பது அவர்கள் திட்டம். தென்னாட்டு வியாபாரிகளுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் சின்ன விமானத்தில் குறைவானவர்களை உட்கார வைத்து, விமான வாடகையையும் கட்டுவது கடினம். 2010இல் விமானத்தை வாடகைக்குக் கொடுத்தவர்களோடு தகராறு முற்றி நின்றுபோனது. மதுரைக்காரர்கள் இன்னும் அதை வருத்தத்தோடு பேசுவார்கள், எனக்கும் வருத்தம்தான்.

பெரிய தவறு 2007இல் நடந்தது என்று நினைக்கிறேன். ஒரே வருடத்தில் ஜெட் ஏர்வேஸ் 1,450 கோடி ரூபாய்க்கு ஏர் சகாராவை வாங்கியது, கிங்ஃபிஷர் ஏர் டெக்கானில் பங்கு வாங்கி அடுத்த வருடம் அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. இரண்டு பேருமே ஒரு கையில் ராஜ உபசாரம், மறு கையில் மலிவு டிக்கெட் என்று வைத்துக்கொண்டார்கள். ஜெட்லைட், கிங்ஃபிஷர் ரெட் என்றெல்லாம் பெயர். கவுன்டரில் இருந்து பார்த்த எனக்கு அது எப்படித் தெரிந்தது என்றால், அதே முதலாளியின் மலிவு விமானம் இருக்கும்போது எந்தப் பயணி விலை கூடியதை எடுப்பார்? மலிவு விமானத்துக்கோ பெரிய கம்பெனியின் சம்பளம், பெரிய கம்பெனியின் ஆபீஸ் செலவு. வெளியே மலிவு, உள்ளே அதே செலவு. எண்ணெய் விலை 2008இல் ஏறியதும் இரண்டும் ஆட்டம் கண்டன. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரோடு பறப்பதை நிறுத்தியது. ஜெட் இழுத்துப் பிடித்து 2019 ஏப்ரல் 17 வரை வந்தது.

வெளிநாட்டிலும் இதே கதை பலமுறை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் டெல்டா 2003இல் சாங் என்று ஒரு மலிவு கம்பெனி, யுனைடெட் 2004இல் டெட் என்று ஒன்று. இரண்டும் சில வருடத்தில் மூடப்பட்டன. பக்கத்து இலங்கை 2007இல் மிஹின் லங்காவைத் தொடங்கி 2016இல் ஸ்ரீலங்கனோடு சேர்த்துவிட்டது. வெற்றி பெற்றவை என்றால் குவான்டாஸின் ஜெட்ஸ்டார், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஸ்கூட். அங்கே தம்பியைத் தனிக் குடித்தனம் வைத்தார்கள். சம்பளம் தனி, நிர்வாகம் தனி, அண்ணன் வீட்டு வழக்கம் எதுவும் தம்பி வீட்டில் கிடையாது. ஒரே அடுப்பில் இரண்டு சமையல் செய்யப் பார்த்தவர்கள்தான் கருகினார்கள்.

இண்டிகோ 2006 ஆகஸ்டில் பறக்கத் தொடங்குவதற்கு முன்பே, 2005இல் ஒரே மூச்சில் 100 ஏர்பஸ் விமானத்துக்கு ஆர்டர் கொடுத்தது. அப்போது அந்தக் கம்பெனியிடம் ஒரு விமானம்கூட இல்லை. மொத்தமாக வாங்குகிறவனுக்குப் பெரிய தள்ளுபடி. விமானம் கைக்கு வந்ததும் அதை வாடகைக் கம்பெனிக்கு வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்று, அதையே மாத வாடகைக்கு எடுத்துக்கொள்வது. ஐந்தாறு வருடத்தில், பெரிய பராமரிப்புச் செலவு வரும் முன்பே திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதுசுக்கு மாறுவது. விமானம் எப்போதும் புதுசு, எண்ணெய் குறைவாகக் குடிக்கும், பழுது குறைவு. இந்தியாவில் ஒரு விமானக் கம்பெனியின் செலவில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் எண்ணெய்க்குத்தான் போகிறது என்பதையும், தமிழ்நாட்டில் அதன் மேல் பல வருடம் 29 சதவீதம் வரி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எண்ணெய் குறைவாகக் குடிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். பத்து வருடத்துக்கு மேல் சாப்பாடு இலவசமாகத் தரவில்லை, பிசினஸ் வகுப்பு வைக்கவில்லை, ஆசைக்கு எதையும் வாங்கவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

சரி, மலிவு கம்பெனிகள் ஜெயித்தன, ஜனங்களுக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் சார்பில் நான் பேச வேண்டியது இங்கேதான் இருக்கிறது.

பழைய பாணி கம்பெனிகளிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஒரு விமானம் ரத்தானால், டிக்கெட்டை எண்டார்ஸ் செய்து வேறு கம்பெனி விமானத்தில் அனுப்புவார்கள். அவர்களுக்குள் அப்படி ஒரு உடன்பாடு உண்டு. பட்ஜெட் கம்பெனிகளில் பலவற்றுக்கு அந்தச் சங்கிலி கிடையாது, செலவு என்று வைத்துக்கொள்ளவில்லை. ரத்தானால் பணம் திரும்ப வரும், இல்லை என்றால் அவர்களுடைய அடுத்த விமானம். சில வருடங்களுக்கு முன் தொண்டிப் பக்கத்து இளைஞர் ஒருவர், விசா முடியும் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் வளைகுடாவுக்குப் போய்ச் சேர வேண்டியவர், என்னிடம்தான் டிக்கெட் எடுத்திருந்தார். விமான நிலையத்துக்குப் போன பிறகு ரத்து. பணம் ஒரு வாரத்தில் வரும் என்றார்கள். அதே இரவு வேறு கம்பெனியில் சீட் இருந்தது, விலை மூன்று மடங்கு. அவருடைய உம்மா கையில் இருந்த வளையலைக் கழற்றி மச்சான் கையில் கொடுத்தார் என்று பிறகு சொன்னார். நான் என் கடைக் கணக்கில் போட்டு டிக்கெட் எடுத்தேன், அவர் மூன்று மாதத்தில் அடைத்துவிட்டார். அன்றிலிருந்து விசா தேதி நெருக்கத்தில் இருக்கிறவர்களிடம், முன்னூறு நானூறு கூடினாலும் கொழும்பு வழியாகவாவது பெரிய கம்பெனியில் போங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

எங்கள் தொழிலும் இதே காற்றில்தான் ஆடியது. நான் வந்த புதிதில் டிக்கெட்டுக்குக் கம்பெனி கமிஷன் தரும், ஒன்பது சதவீதம் என்று பெரியவர்கள் சொன்ன காலம் போய் அது தேய்ந்துகொண்டே வந்து இல்லாமலே போனது. 2008 மே மாதத்தோடு காகித டிக்கெட்டும் போனது. பட்ஜெட் கம்பெனிக்கு நாங்கள் முன்பணம் கட்டி வைத்து, அதிலிருந்து கழித்துக்கொண்டுதான் டிக்கெட் எடுக்க வேண்டும். ஏஜென்ட் என்பவன் அவர்கள் கண்ணில் ஒரு செலவு. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. செல்போனில் தானே எடுக்கத் தெரிந்தவர்கள் எடுக்கட்டும். கிலோ கேட்டு வரும் லாத்தாவுக்குக் கடை வேண்டும், அதுவரை நான் இருப்பேன்.

பெரிய வருத்தம் மதுரை வாசலைப் பற்றியது. ராமநாதபுரத்திலிருந்து மதுரை விமான நிலையம் இரண்டு மணி நேரம், திருச்சி நான்கு மணி நேரம். எங்கள் கரை ஆட்களுக்கு நியாயமாக மதுரைதான் வாசல். ஆனால் நாடுகளுக்கு இடையிலான விமான ஒப்பந்தத்தில் எந்த ஊருக்கு அந்த நாட்டு விமானம் வரலாம் என்று பட்டியல் இருக்கிறது. அமீரகம், சிங்கப்பூர், மலேசியா ஆகியவற்றோடு உள்ள பட்டியலில் மதுரை இடம்பெறவில்லை. அதனால் அந்த நாடுகளின் கம்பெனிகள் மதுரைக்கு வர முடியாது, இந்தியக் கம்பெனி போனால்தான் உண்டு. இலங்கைக் கம்பெனிக்கு அனுமதி உண்டு, அதனால் கொழும்பு வழி திறந்திருக்கிறது. துபாய் ஒப்பந்தத்தில் வாரத்துக்கு ஒரு பக்கம் ஏறத்தாழ 65,000 இருக்கை என்ற வரம்பும் 2014லிருந்து இருக்கிறது. கூட்டிக் கொடுங்கள் என்று எமிரேட்ஸ் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இந்தியக் கம்பெனிகள் வளர வேண்டும் என்பதால் அரசு கூட்டவில்லை. இந்தியக் கம்பெனி வளர வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் அந்த வளர்ச்சிக்கான விலையில் ஒரு பங்கை பெரியபட்டினத்திலும் பனைக்குளத்திலும் இருக்கும் குடும்பங்கள் பெருநாள் டிக்கெட்டில் கட்டுகின்றன, அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

திருச்சியைப் பாருங்கள். சிங்கப்பூருக்கு ஸ்கூட் இருக்கிறது, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் இருக்கிறது, இண்டிகோ இருக்கிறது. கோலாலம்பூருக்கு ஏர் ஏசியாவும் பாட்டிக் ஏரும் மோதுகின்றன. மூன்று பேர் நிற்கும் இடத்தில் என் திரையில் விலை எப்படி இருக்கிறது, ஒருவர் நிற்கும் இடத்தில் எப்படி இருக்கிறது என்று நான் தினமும் பார்க்கிறேன். விமானம் அதே வகை, எண்ணெய் அதே எண்ணெய். கப்பல் காலத்திலும் இப்படித்தான் இருந்திருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பலில் போன தலைமுறைக்கு, கப்பல் சொன்னதுதான் விலை, கப்பல் வந்த நாள்தான் பயண நாள்.

ஒரே கையில் எல்லாம் போனால் என்ன ஆகும் என்பதை 2025 டிசம்பரில் நாடே பார்த்தது. உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் இண்டிகோவில்தான் பறக்கிறார்கள். பைலட்டுகளுக்கு ஓய்வு நேரத்தைக் கூட்டும் புது விதி நவம்பரில் முழுமையாக அமலுக்கு வந்தது, அதற்கு வேண்டிய ஆட்களைக் கம்பெனி தயாராக வைத்திருக்கவில்லை. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. மற்ற கம்பெனிகளின் டிக்கெட் எகிறியது, கடைசியில் அரசே தூரத்துக்குத் தகுந்தபடி உச்ச விலை வைக்க வேண்டி வந்தது. ஆள், விமானம், நேரம் எல்லாவற்றையும் கடைசிச் சொட்டு வரை பிழிந்து ஓடுவது அந்தத் தொழிலின் பலம் என்று மேலே சொன்னேன், அன்று அதுவே பலவீனமாக வெளியே வந்தது. விசைப்படகுக்காரர்கூட ஒரு வலையை மேலதிகமாகக் கரையில் வைத்திருப்பார்.

இப்போது இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நோக்கி நடக்கின்றன. இண்டிகோ 2024 நவம்பரில் பிசினஸ் வகுப்பு வைத்துவிட்டது, 2025இல் ஆம்ஸ்டர்டாம் வரை போகத் தொடங்கியது. டாடா 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவை எடுத்து, விஸ்தாராவை அதில் இணைத்து, மலிவுப் பக்கத்துக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸைத் தனியாக வைத்திருக்கிறது. சவுத்வெஸ்ட்டே 2025 மே மாதத்திலிருந்து லக்கேஜுக்குக் காசு வாங்குகிறது, ஐம்பது வருடம் இலவசமாகக் கொடுத்த கம்பெனி. இரண்டு பெரிய குழுமம் மட்டும் மிஞ்சும் நாட்டில் தம்பி அண்ணன் என்று பெயர் எத்தனை வைத்தாலும் பயணிக்குக் கவுன்டர் இரண்டுதான்.

உச்சிப்புளி கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானம் வரும் என்று வருடக்கணக்காகப் பேச்சு உண்டு. சின்ன ஊர்களுக்கு மானியம் கொடுத்து விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டப் பட்டியலில் ராமநாதபுரம் பெயரும் வந்தது. வந்தால் சந்தோஷம், ராமேஸ்வரத்துக்கு வரும் வடநாட்டு யாத்ரீகர்கள் நிறைய ஏறுவார்கள். ஆனால் எழுபது பேர் விமானம் மானியத்தில் ஓடும், மானியம் முடிந்ததும் கம்பெனி யோசிக்கும். சேலத்தில் 2018இல் வந்த விமானம் சில வருடத்தில் நின்று, 2023இல்தான் மறுபடி வந்தது. எங்கள் கரைக்கு உடனே வேண்டியது புது ஓடுதளத்தைவிட, மதுரையின் பெயர் அந்தப் பட்டியல்களில் ஏறுவது. காசு செலவில்லாத வேலை, ஒரு கையெழுத்து.

நேற்று பெரியபட்டினத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது, ஐந்து பேர், சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போகிறார்கள். மதுரையிலிருந்து நேராக ஒரு கம்பெனி, திருச்சியிலிருந்து மூன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஐந்து பேருக்கு வித்தியாசம் வேன் வாடகையைத் தாண்டி நின்றது. "அப்ப திருச்சியே போடுங்க தம்பி, ராத்திரி தூங்கிட்டே போயிருவோம்" என்றார் பெரியவர். வேன் இரவு பத்து மணிக்குச் சொல்லியிருக்கிறது. லக்கேஜ் ஆளுக்கு இருபது கிலோதான் போட்டிருக்கிறேன், தொதல் டப்பாவைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன், ஏழு கிலோவுக்குள் இருக்க வேண்டும்.